காலில் விழாமல் போனவள்

யீஷூன், சிங்கப்பூர்
2 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

புனிதா எழுதுகிறேன். போன வாரம் உங்கள் போனுக்குக் குரலில் ஒரு சேதி அனுப்பினேன். கேட்காமலே அழித்துவிட்டீர்கள் என்று உங்கள் மகன் சுரேன் சொன்னான். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுவதற்கு முதல் நாள், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனி இவளோடு வாய் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் நீங்கள். அம்மா செத்த வீட்டில்கூட நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள், நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். சத்தியத்தை முறிக்கச் சொல்ல நான் யார். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து வாய் இல்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஈப்போவில் பெண்கள் கால்பந்துப் போட்டி நடக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் வருகின்றன. சிங்கப்பூர் டீமில் என் பேத்தி ஷர்மினி இருக்கிறாள். மலேசியா டீமில் உங்கள் தினேஸ்வரி இருக்கிறாள். இன்னார் பேத்தி என்று நான் சொன்னதிலிருந்து இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நம் காலத்துக் கதை எதையும் நான் சொல்லவில்லை.

15ஆம் தேதி இரண்டு நாடும் மோதுகின்றன. ஷர்மினி முன்னால் இடது பக்கம் ஓடுகிறவள். தினேஸ்வரி பின்னால் வலது பக்கம் காக்கிறவள். அப்படியென்றால் இருவரும் நேருக்கு நேர்தான் நிற்க வேண்டும்.

நான் ஆட்டம் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். வந்தால் உங்கள் கண்ணில் படலாமா, வேண்டாமா. அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

புனிதா


குனோங் ராபாட், ஈப்போ
4 ஆகஸ்ட்

புனிதாவுக்கு,

எழுத்து வாய் இல்லை என்று கண்டுபிடிக்க உனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. நல்ல மூளை.

நான் மூன்றாம் வகுப்போடு ரப்பர் பால்மரக் காட்டுக்கு வேலைக்குப் போனவள். நீ ஆறாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் பொறுக்காதே.

நீ என்ன கதை சொன்னாய், என்ன கதை சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் தினேஸ்வரிக்கு எல்லாம் சொல்லித்தான் வளர்த்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியின் மகன் அர்ச்சுனன் தோட்டத்துப் பெண்களை வைத்து ஒரு டீம் போட்டது, மரம் சீவி முடித்து, பால் நிறுத்துக் கொடுத்து, சோறு தின்றும் தின்னாமலும் நாங்கள் திடலுக்கு ஓடியது, நான் கோல் காத்தது, ஆயர் தாவார் ஊர்ப் பெண்கள் அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்து முழங்கையை உரித்துக்கொண்டது. பேரா மாநில டீமுக்கு ஆள் எடுக்க ஈப்போவுக்கு வரச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் லாரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அப்பாவிடம் போய், அக்கா அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆம்பிளைகளோடு லாரியில் ஈப்போவுக்குப் போகிறாள் என்றாய். அப்பா வேலியிலிருந்து கம்பை உருவினார். என்னைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். நம் லயத்து வீட்டு வரிசை முனையில் லாரி வந்து நின்று, ஆரன் அடித்து, கொஞ்சம் காத்திருந்து, போனது. எனக்குப் பதிலாக வேறு ஒருத்தி போனாள். நீ அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாய். பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன்.

அது போகட்டும் என்று எழுத மாட்டேன். அது போகாது.

தினேஸ்வரியை வளர்த்தது நான். அவள் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சுரேன் லாரியில். பையன்களோடு பந்து விளையாட நான்தான் திடலுக்குக் கூட்டிப்போய், முடிகிற வரைக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். நாட்டு டீமுக்குப் போன பிறகும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். இந்தத் தடவைதான் முதல் பதினொரு பேரில் அவள் பேர். உன் பேத்தியிடம் சொல்லி வை, அந்தப் பக்கம் அவ்வளவு சுலபத்தில் தாண்ட முடியாது.

ஆனால் ஒன்று. பேர் வந்ததும் பெண்ணுக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து, எங்கே கிளம்பினாலும் என் காலில் விழுந்து கும்பிட்டு, நான் திருநீறு பூசி, அப்புறம்தான் வாசல் தாண்டுவாள். போன ஞாயிறு அரைநாள் லீவில் வந்தாள். கிளம்பும்போது நான் திருநீற்றுத் தட்டோடு கிழக்கே பார்த்து நிற்கிறேன். "பூசி மட்டும் விடுங்க பாட்டி, டைம் இல்ல, வேன் நிக்குது லா" என்கிறாள். விழவில்லை. குனியக்கூட இல்லை. அந்த வெயிலில் முழுக்கால் சட்டை வேறு. நாட்டுச் சட்டை போட்டால் முதுகு வளையாதுபோல. மனசில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நானாக அவளுக்குப் போன் போடுவதில்லை.

ஸ்டேடியம் நம் அப்பன் கட்டினது இல்லை. வருவதானால் வா. வாயைத் திறக்காதே.

கருப்பம்மாள்


யீஷூன்
6 ஆகஸ்ட்

அக்கா,

இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எழுதிக் கிழித்தேன். காய்கறி வாங்கப் போய் வெறும் பையோடு வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

தினேஸ்வரி உங்கள் காலில் விழாதது தலைக்கனத்தால் இல்லை. அவளால் முழங்காலை மடக்க முடியவில்லை.

முந்தாநாள் ஷர்மினி சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க பாட்டி" என்றாள். நான் சும்மா தலையாட்டினேன். போனில் ஒரு படம் காட்டினாள். வலது முழங்கால், பப்பாளிக்காய் மாதிரி வீங்கி இருக்கிறது. பயிற்சியில் ஓடித் திரும்பும்போது பிசகிவிட்டதாம். உள்ளே டக் என்று சத்தம் கேட்டதாம். டீம் டாக்டரிடம் சொல்லவில்லை. துணிப்பட்டை சுற்றி, வலி மாத்திரை போட்டு, முழுக்கால் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மாச வலி என்று சொல்லி ஓட்டத்தைத் தட்டிக்கழிக்கிறாள். ஆட்டத்தன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிடலாம் என்று நினைக்கிறாள். ஷர்மினியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

ஷர்மினியின் தோழி ஒருத்தி இப்படித்தான் மறைத்து ஆடினாள். முழங்கால் உள்ளே அறுந்துபோய், இருபத்து மூன்று வயதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறாள். அவளுக்குப் பந்து முடிந்துபோயிற்று.

நேற்று வரைக்கும் எனக்குச் சந்தேகம் இருந்தது, சிறு பிள்ளைகள் பெரிதாக்கிச் சொல்வார்களோ என்று. நீங்கள் எழுதியதை மறுபடியும் படித்தேன், அவள் குனியவில்லை என்று. சந்தேகம் போய்விட்டது.

அக்கா, அன்றைக்கு அப்பா கேட்டார், நான் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை. இன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். உங்கள் பேத்தி இல்லாவிட்டால் என் பேத்திக்கு வழி லேசாகும், அதற்காகத்தான் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

புனிதா


குனோங் ராபாட்
6 ஆகஸ்ட்

புனிதா,

நீ மாறவே இல்லை. ஒருத்தி மைதானத்துக்குப் போகிறாள் என்றால் உனக்கு வயிறு எரியும். அன்றைக்கு நான், இன்றைக்கு என் பேத்தி. அப்பா இல்லை என்பதால் இப்போது என்னிடமே கம்பைக் கொடுக்கப் பார்க்கிறாய். கால் வீங்கிய படமாம். போனில் எந்தக் காலை வேண்டுமானாலும் வீங்க வைக்கலாம், இங்கே பிள்ளைகள் பூனைக்கு மீசை வைத்துப் பாட்டுப் பாட வைக்கிறார்கள்.

உன் பேத்திக்குத் தைரியம் இருந்தால் அவளைத் தாண்டி ஓடிக் காட்டச் சொல். இந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதாதே.

கருப்பம்மாள்


குனோங் ராபாட்
9 ஆகஸ்ட்

புனிதாவுக்கு,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

உனக்கு அப்படி எழுதி அனுப்பிவிட்டுச் சோறு போட்டு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. திருநீறு பூசும்போது அவள் ஒரு கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அப்போது என் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. நான் என் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலையில் சுரேனைக் கூட்டிக்கொண்டு டீம் தங்கியிருக்கிற ஹோட்டலுக்குப் போனேன். முறுக்கு கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வந்தாள். நன்றாகத்தான் நடந்து வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. உன்னைத் திட்டியது சரிதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"கால்ல விழு" என்றேன்.

"பாட்டி, இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க லா. வியட்நாம் டீம் ஆளுங்ககூட இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க ஊர்லயும் பாட்டி இருப்பா. விழு."

சுரேன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஏம்மா, புள்ளைய விடுங்க." நான் விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சோபாவைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்கினாள். வலது கால் நீட்டினபடியே நின்றது. மடக்கப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே பாதியில் தொங்கினாள். நான்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். முழுக்கால் சட்டையை மேலே சுருட்டிப் பார்த்தேன். நீ சொன்னது பொய் இல்லை.

"யார் சொன்னா? ஷர்மினியா?" என்றாள்.

நான் கால் சட்டையைக் கீழே இறக்கிவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, இந்த ஒரு மேட்ச். ஒண்ணே ஒண்ணு. எவ்ளோ நாளு பெஞ்ச்ல ஒக்காந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல. இப்ப எறங்கலன்னா வேற ஆளு வந்துடும், அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. லாரி போன கதைய நீங்கதானே பாட்டி சொன்னீங்க. உங்களுக்குமா புரியல?"

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சாமான் அறைக்குள் கதவைத் தட்டிக்கொண்டு சொன்ன சொல்.

"சொல்லிட்டீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என்னுடையது.

காருக்கு வந்துவிட்டேன். "வேணாம்மா, அவ சின்னப் புள்ளையா, அவளுக்குத் தெரியாததா" என்று சுரேன் சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினான். கார் நகர்ந்தது. ஹோட்டல் வாசலுக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தடி ஊன்றிப் படி இறங்கிக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் நின்றாள். நிறுத்தச் சொன்னேன்.

கோச் மலாய்க்காரப் பெண். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வருகிற அரைகுறை மலாயில் "தினேஸ்வரி, லுத்துட் சாகிட்" என்று சொல்லி என் முழங்காலைத் தட்டிக் காட்டினேன். அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

வீடு வரைக்கும் சுரேன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே ஓட்டினான்.

உன்னைத் திட்டி எழுதினதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் விஷயத்தில் எழுதினதை மட்டும். அப்பா விஷயம் அப்படியே இருக்கிறது.

கருப்பம்மாள்


யீஷூன்
10 ஆகஸ்ட்

அக்கா,

படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். எழுதினால் தப்பாகிவிடும்.

ஷர்மினி நேற்று முழுவதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க பாட்டி" என்றாள். தலைதான் ஆட்டினேன், சத்தியம் செய்யவில்லை என்றேன். அது அவளுக்கு எடுபடவில்லை. இன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குக் கிளம்பும்போது மட்டும் திரும்பி வந்து, "அவ நிக்காத பக்கத்துல கோல் போட்டா என்ன மஜா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பதினான்காம் தேதி பஸ்ஸில் வருகிறேன். கோப்பெங்கில் என் கணவரின் தங்கை வீட்டில் தங்குவேன். உங்களுக்குச் சிரமம் இல்லை.

புனிதா


குனோங் ராபாட்
18 ஆகஸ்ட்

புனிதாவுக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று சுரேன் சொன்னான்.

உன் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டேடியத்தில் யாரோ ஒரு கிழவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறாள் என்றுதான் முதலில் பார்த்தேன். உட்காரும்போது சேலையை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டாய். அம்மா மாதிரி. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கச்சாங் பூத்தே பொட்டலத்தை நீட்டினேன், நீ எடுத்துக்கொண்டாய். கடலை கொடுப்பது பேச்சில் சேராது.

உன் பேத்தி போட்டது நல்ல கோல். இதை எழுதும்போது கை கசக்கிறது, இருந்தாலும் நல்ல கோல். எங்கள் வலது பக்கம் நின்ற பெண்ணும் மோசமில்லை. சின்னவள், முதல் ஆட்டம், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தினேஸ்வரி இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு எட்டு முன்னாலேயே நின்றிருப்பாள். அதைத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டே இருக்கிறேன், துணி மடிக்கும்போது, அரிசி களையும்போது.

நீ கவனித்தாயோ என்னவோ, தினேஸ்வரி கீழே முன் வரிசையில் இரண்டு கக்கத்துக் கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஷர்மினி கோல் போட்டதும் கைதட்டிவிட்டாள். பிறகு தான் எந்த நாட்டுச் சட்டை போட்டிருக்கிறோம் என்று ஞாபகம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்து உன் பேத்தி கம்பி வேலிக்கு வந்தாள். இரண்டு பெண்களும் கம்பிக்கு மேலாகக் கட்டிக்கொண்டார்கள். நான் படியிறங்கிப் பின்னால்தான் நின்றேன். தினேஸ்வரி திரும்பினாள், என்னைப் பார்த்தாள், கட்டையை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குள் நார் பாதி கிழிந்திருக்கிறதாம். ஆடியிருந்தால் முழுக்க அறுந்திருக்கும் என்று டாக்டர் அவள் முன்னாலேயே சொன்னார். ஓய்வும் பயிற்சியும் இருந்தால் அடுத்த வருஷம் ஓடலாமாம். கோச்சும் வந்து பார்த்துவிட்டு, காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனையும் கேட்டுவிட்டும் என்னோடு பேசவில்லை.

சோறு வைத்தால் எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். சுரேனிடம் பேசுகிறாள், பூனையிடம் பேசுகிறாள். நான் சமையல்கட்டுக்குள் வந்தால் பூனையிடமும் நிறுத்திவிடுகிறாள். என் ரத்தம். எத்தனை வருஷம் தாங்குவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னால் அத்தனை வருஷம் இருக்க முடியாது.

மறுபடியும் அந்த ஹோட்டல் வாசலில் நிறுத்தினால் மறுபடியும் இறங்கிப் போய்ச் சொல்வேன். அதில் மாற்றமில்லை. இருந்தாலும் வீடு இப்படி இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஷர்மினியோடு போனில் பேசிச் சிரிப்பது கேட்கிறது. ஷர்மினியிடம் கேட்டு எழுது. வலி குறைந்திருக்கிறதா. கதவடியில் தைல பாட்டிலை வைத்தேன், தடவுகிறாளா. கட்டையை ஊன்றி அக்குள் புண்ணாகியிருக்கிறதா. நான் கேட்டதாகச் சொல்லாதே.

கருப்பம்மாள்


யீஷூன்
19 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டி முடிந்து வந்த ஷர்மினியிடம் கேட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அந்தப் பக்கம் தினேஸ்வரி.

போனைக் காதில் வைத்தேன். அவள்தான், "சிங்கப்பூர் பாட்டியா? சாப்டீங்களா?" என்றாள். வலி குறைந்திருக்கிறதாம். தைலம் நாறுகிறதாம், பூனை கிட்டே வர மாட்டேன் என்கிறதாம், ஆனாலும் தடவுகிறாள். அக்குளுக்குப் பழைய துண்டு சுற்றியிருக்கிறாள். நீங்கள் கேட்டதாக நான் சொல்லவில்லை.

வைக்கப் போகும்போது அவளே கூப்பிட்டாள்.

"பாட்டி, ஒண்ணு சொல்லணும். எங்க பாட்டி காலையில பிரஷர் மாத்திரை போடறது இல்ல. அட்டையில அப்படியே இருக்கு, நான் தெனம் போய்ப் பாக்குறேன். நீங்க கொஞ்சம் எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டேன் அக்கா. மாத்திரையைப் போடுங்கள்.

புனிதா